மாலை போடாத படம்

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் இருக்கிற ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நிஷாந்திக்கு வேலை. வருகிறவர்களுக்கு ஃபிரேமை மாட்டி அழகு பார்க்கச் சொல்வது, "இது உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் புளுகுவது, பில் போடுவது. மூன்று மொழியும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. அவள் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனையில் முட்டை வாங்கக் கடைக்கு அனுப்பும் பிள்ளைக்கே மூன்று மொழி தேவைப்படும். ஆனால் அந்த மூன்று மொழிதான் அவளைப் பிடித்துச் சுற்றாடல் போராட்டத்துக்குள் தள்ளியது.

தள்ளியவன் அஹ்ஸன். பாமன்கடையில் அவனுடைய வாப்பா ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். மகனோ சீமெந்து விற்ற காசில் படித்துவிட்டு, நகரம் முழுக்கச் சீமெந்து பூசுகிறவர்களைத் திட்டிக்கொண்டு திரிகிறவன். ஒருநாள் கால் உடைந்த கண்ணாடியோடு கடைக்கு வந்தான். நிஷாந்தி ஒரு சிங்களப் பெரியவருக்கும் ஒரு தமிழ் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தை விளங்கப்படுத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த நாளும் வந்தான். மூன்றாம் நாளும் வந்தபோது இவன் வேறு எதற்கோ அடி போடுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் கேட்டது, "எங்கட குழுவுக்கு மொழிபெயர்க்க ஒராள் தேவை, வாறீங்களா?" என்று. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனாள்.

போனவள் உண்மையாகவே ஈடுபட்டுவிட்டாள். காற்றில் புகையைக் கலக்கிறவர்கள் எங்கேயோ இருக்க, மழை வேறு எவருடைய தலையிலோ கொட்டுகிறது, கலந்தவன்தான் கணக்குத் தீர்க்க வேண்டும் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அதில் பிழையும் இல்லை. கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு முன்னால் யாராவது சிங்களத்தில் முழங்கினால் இவள் பக்கத்தில் நின்று தமிழில் முழங்குவாள். பல சமயம் மூலத்தைவிட மொழிபெயர்ப்புக்குத்தான் கைதட்டல் அதிகம் கிடைக்கும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினையாகிப் போனது.

போன கார்த்திகைக் கடைசியில் அடித்த புயலோடு, அதுவரை தாளில் எழுதி வாசித்ததெல்லாம் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. ஊவாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். நிஷாந்தியின் அம்மா இராமலெட்சுமியின் தங்கை ஜெயராணி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நிஷாந்திக்குச் சித்தி. விடியப் போகிற நேரத்தில் மலை சரிந்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் பாதியை வாரிக்கொண்டு போனது. சித்தி தப்பினாள். சித்தப்பா சுந்தரலிங்கத்தைக் காணவில்லை. பெக்கோ இயந்திரம் வந்து சில நாட்கள் மண்ணை அள்ளியது. பிறகு மலை இன்னும் இறங்கும், ஆட்களை வைத்திருக்க முடியாது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். பிள்ளை குட்டி இல்லாத சித்தி, நிவாரண முகாமில் கொடுத்த பையோடு கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிக்கு வந்து சேர்ந்தாள்.

வந்தவள் அழுது புரளவில்லை. அதிகாலையில் எழுந்து குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசிவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போவாள். கைத்தொலைபேசியின் சார்ஜ் குறைய விடமாட்டாள். தெரியாத நம்பரில் அழைப்பு வந்தால், சோற்றுக் கையாலேயே எடுப்பாள். ஒரு சனிக்கிழமை அக்காவோடு புறக்கோட்டைக்குப் போனவள் ஆண்கள் போடும் இறப்பர் செருப்பு ஒரு சோடி வாங்கி வந்து கட்டிலுக்கடியில் வைத்தாள். "வெறுங்காலோட ஓடுனாரு" என்று மட்டும் சொன்னாள். அந்த வீட்டில் சித்தப்பாவைப் பற்றிப் பேசினால், அவர் பக்கத்து ஊருக்குப் போயிருக்கிற மாதிரித்தான் பேச வேண்டும். யாரும் போட்ட சட்டம் இல்லை. அப்படியே பழகிவிட்டது.

ஆனி மாதத்தில் குழு கோட்டையில் ஒரு பெரிய போராட்டம் வைத்தது. வருகிறவர்கள், இழந்ததைக் காட்டும் பொருள் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தார்கள். நிஷாந்தி சித்தியிடம் போய், சித்தப்பாவின் படம் ஒன்று கேட்டாள்.

"எதுக்கு புள்ள?"

"போராட்டத்துக்கு சித்தி. ஆளுங்களுக்குக் காட்டணும்."

சித்தியின் முகம் மலர்ந்தது. நிஷாந்தி அதைப் பார்த்தாள், ஏன் என்று யோசிக்கத்தான் இல்லை. "காட்டு, காட்டு. கொழும்புல நாலா பக்கத்துச் சனமும் வருமே" என்று சொல்லி, போனில் இருந்த படங்களையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்து, கல்யாண வீடொன்றில் எடுத்த படத்தைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தாள். "இதுல மூஞ்சி நல்லா வெளங்கும்" என்றாள். நிஷாந்தி அதைச் சந்தியிலுள்ள கடையில் பெரிதாக்கி, சட்டம் போட்டு எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்குக் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஒரு மீனவர் கிழிந்த வலை கொண்டு வந்திருந்தார். ஒரு ஆசிரியை சேறு காய்ந்த சப்பாத்து ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். நிஷாந்தியின் முறை வந்ததும் படத்தை ஒரு கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு மைக்கை வாங்கினாள். சித்தப்பாவுக்கு இடது காது கேட்காது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே இருந்து போன காது அது. அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அதனால்தான் மலை இறங்கி வந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு காதும் உள்ளவர்களே, உங்களுக்குக் கேட்கிறதா?" என்று கேட்டாள். முதல் நாள் பஸ்ஸில் வரும்போது தோன்றிய வசனம் அது. மூன்று மொழியிலும் கேட்டாள். முன்வரிசையில் ஒரு பெண் விம்மி அழுதாள்.

அவள் சிங்களத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே, வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு தொண்டர்கள் வந்து படத்துக்கு மல்லிகை மாலை போட்டார்கள். முன்னால் ஒரு சிட்டி விளக்கையும் ஏற்றி வைத்தார்கள். நிஷாந்தி பார்த்தாள். மாலை போட்ட படம் என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வீட்டில் சாமி மேசைக்கு மேலேயே, மாலை போட்ட அப்பா இருக்கிறார். ஆனால் கெமராக்காரர்கள் நெருங்கி வந்தார்கள், விளக்கு காற்றில் அணையாமல் நின்றது, படம் பார்க்க அம்சமாக இருந்தது. அவள் பேச்சைத் தொடர்ந்தாள்.

முடிந்ததும் ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். அவளுக்குப் பறப்பது போலிருந்தது. மாலையை எறிய மனம் வராமல், கிடைத்த ஒரு சிலிசிலி பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பொலித்தீனுக்கு எதிராகவும் கோஷம் போட்ட கையில் பொலித்தீன் பை இருப்பது ஆட்டுப்பட்டித் தெரு தாண்டிய பிறகுதான் உறைத்தது. அதை நினைத்துத் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். அன்று அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

அவளுக்கு முன்னால் வீடியோ வீடு போய்ச் சேர்ந்திருந்தது. தோட்டத்தில் இருக்கிற யாரோ சித்திக்கு அனுப்பியிருந்தார்கள். சித்தி கதவடியில் நின்றாள். கையில் போன். அம்மா உள்ளே எதையோ கழுவிக்கொண்டே இருந்தாள்.

"ஒனக்கு யாரு சொன்னது?" என்றாள் சித்தி. குரலை உயர்த்தவில்லை. "அவரு செத்துட்டாருன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"சித்தி, அது நான் போடல்ல. அவங்க திடீர்னு வந்து..."

"நீ பாத்துக்கிட்டுத்தானே நின்ன."

நிஷாந்தி கையிலிருந்த பையைப் பின்னால் மறைத்தாள்.

"சத்தம் கேக்கலன்னு பேசுனியே. வலது காது அந்த மனுசனுக்கு நல்லாக் கேக்கும். தரை அதிருதுன்னு மொத மொத முழிச்சதே அவருதான். என்னைய வெளிய தள்ளுனாரு. லயத்துல கடைசிக் காம்பிராவுல நடக்க ஏலாத கெழவன் இருக்கான்னு திரும்பிப் போனாரு. இதையெல்லாம் ஒனக்குச் சொல்லியிருக்கேனே புள்ள. நீ செவிட்டு மனுசன் தூங்கிக் கெடந்த மாதிரிப் பேசிட்டு வந்திருக்க."

சொல்லியிருந்தாள்தான். ஒரு தடவை இல்லை, பல தடவை. நிஷாந்தி கேட்டும் இருந்தாள். ஆனால் மைக்கைப் பிடித்தபோது அந்த வசனம் அவ்வளவு நன்றாக இருந்தது. சித்தி பையை வாங்கித் திறந்து பார்த்தாள். மாலையைத் தொடவில்லை. பையை அப்படியே முடிந்து வாசலுக்கு வெளியே வைத்தாள்.

அதோடு முடிந்திருந்தால் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சமாதானமாகியிருப்பார்கள். முடியவில்லை. சித்தப்பாவின் அண்ணன் முத்துலிங்கம் தோட்டத்தில் இருந்து பேசினார். கெட்ட மனிதர் இல்லை. தம்பிக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் இறைக்காமல் நாள் போகிறதே என்று ஏழு மாதமாக மனதுக்குள் வெந்துகொண்டிருந்தவர். ஜெயராணியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயங்கிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு வழி திறந்துவிட்டது.

"மாலை போட்டு வெளக்கும் ஏத்தியாச்சு. ஊரே பாத்திருச்சும்மா. இனியும் நீ பொட்டோட இருந்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. ஆடி அமாவாசைக்குக் கருமாதிய வெச்சிருவோம். நீ கெளம்பி வா" என்றார்.

சித்தி போனை வைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆடி அமாவாசை என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அதே நினைப்பு. போனால் குங்குமத்தை அழித்துத் தாலியை இறக்குவார்கள். போகாவிட்டால் புருஷன் வீட்டு உறவு அறுந்து போகும். திரும்பிப் போக அவளுக்கு இருந்தது அந்த உறவு ஒன்றுதான். வீட்டை மலை கொண்டு போய்விட்டதே.

நிஷாந்தி முதலில் அஹ்ஸனிடம் போனாள். வீடியோவை நீக்கச் சொன்னாள். அவன் விழித்தான்.

"எங்கட ஊட்டுல மௌத்தாப் போன ஆக்கள்ட போட்டோவே மாட்டுற இல்ல நிஷாந்தி. மாலை போட்டா இப்பிடி ஒரு அர்த்தம் ஈக்கி எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? மரியாதைக்குப் போடுற எண்டுதான் நெனச்சன். நீங்க ஒரு சொல்லு சொல்லியிருந்தா அந்த எடத்துலேயே கழட்டியிருப்பேனே."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது கூடுதலாகக் குத்தியது. அங்கே நின்ற அத்தனை பேரிலும், அந்தப் படத்துக்கு மாலை போடக் கூடாது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வீடியோவை அவன் நீக்கிவிட்டான். அதற்குள் ஆயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

அடுத்த சில நாட்கள் கடையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஃபிரேமைத் தலைகீழாக மாட்டி ஒரு வாடிக்கையாளரிடம் திட்டும் வாங்கினாள். போராட்டமே பொய்யோ என்று ஒருநாள் யோசித்தாள். இல்லை, அது பொய்யில்லை. மழையும் மலையும் பொய்யில்லை. சித்தப்பாவை எடுத்து ஒரு வசனமாக்கியதுதான் பிழை. கலந்தவன் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொன்னவள், தான் கலந்ததை யாரிடம் போய்த் தீர்ப்பது? வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

தொடர்மாடியில் மேல்வீட்டு எவ்லின் அக்காவிடம் ஒருநாள் பின்னேரம் குடம் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான், சின்ன வயதிலிருந்து பார்த்த சுவரை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். மாதாவுக்கு மாலை இருந்தது. அந்தோனியாருக்கு மாலை இருந்தது. எவ்லின் அக்காவின் அம்மா அப்பாவுக்கும் இருந்தது. நடுவில் ஒரு இளைஞனின் படம், மாலை இல்லாமல். யுத்தம் முடிகிற காலத்தில் வேலைக்குப் போய் வீடு திரும்பாத தம்பி. அந்தப் படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, காணாமல் போனவர்களைத் தேடுகிற தாய்மாரோடு எவ்லின் அக்கா வெயிலிலும் மழையிலும் நின்றதை நிஷாந்தி எத்தனையோ தடவை கண்டிருக்கிறாள். அதுவும் போராட்டம்தான். அங்கே எவரும் படத்துக்கு மாலை போட மாட்டார்கள்.

"என்ன பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?" என்று கேட்டாள் எவ்லின்.

"ஒண்டுமில்லை அக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

வந்த கையோடு சித்திக்கு முன்னால் போய் நின்றாள். சித்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, வர்ற வெள்ளிக்கிழமை திரும்பவும் போராட்டம் இருக்கு. நான் போய் மைக்குலயே சொல்லுறேன். போன தடவ சொன்னது பொய், சித்தப்பா செத்துட்டாருன்னு யாருக்கும் தெரியாது, நான்தான் பிழை செஞ்சேன்னு மூணு பாஷையிலயும் சொல்லுறேன். முத்துலிங்கம் பெரியப்பாவுக்கு அந்த வீடியோவை அனுப்புறேன்."

சித்தி வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை. உரித்து முடித்த பிறகு சொன்னாள்.

"நீ சொல்ல வேணாம்."

"சித்தி..."

"நீ சொன்னா நல்லாச் சொல்லுவ. அதான் வேணாங்குறேன். நானே வாரேன்."

வெள்ளிக்கிழமை காலையில் சித்தி வழக்கத்தைவிடப் பெரிதாகக் குங்குமம் வைத்தாள். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, எவ்லின் கொடுத்த பொலித்தீன் உறையில் போட்டாள். மழை வந்தாலும் நனையாது என்று எவ்லின் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு பெண்களும் எப்போது இதைப் பேசிக்கொண்டார்கள் என்று நிஷாந்திக்குத் தெரியாது.

கோட்டையில் போன தடவை அளவுக்குக் கூட்டம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அஹ்ஸன் சித்திக்கு ஒரு கதிரை போட்டான், அவள் உட்காரவில்லை. வெள்ளைச் சட்டைப் பெண் ஒருத்தி பூவோடு வந்தாள். சித்தி படத்தைப் பின்பக்கம் மறைத்துக்கொண்டு, "எப்பா நங்கி" என்றாள். வேண்டாம் தங்கச்சி என்று சொல்லும் அளவுக்குச் சிங்களம் அவளுக்கும் தெரியும். அந்தப் பெண் பூவை எடுத்துக்கொண்டு போனாள்.

மைக்கை எப்படிப் பிடிப்பது என்று நிஷாந்தி காட்டினாள். சித்தி அதை வாய்க்கு மிகக் கிட்டக் கொண்டுபோனாள், அது கீச்சென்று கத்தியது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அழவில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுக்கிறவள் போல, ஒவ்வொன்றாகச் சொல்லி, நிஷாந்தி சிங்களத்தில் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னாள்.

"எம் பேரு ஜெயராணி. இவரு எம் புருசன் சுந்தரலிங்கம்."

நிஷாந்தி அதைச் சிங்களத்தில் சொன்னாள்.

"செத்துட்டாருன்னு போன தடவ இந்த எடத்துல காட்டுனாங்க. எனக்கு அது தெரியாது. ஒங்க யாருக்கும் தெரியாது. தோண்டுறத பாதியில நிப்பாட்டிட்டு எப்பிடித் தெரியும்?"

அதையும் சொன்னாள்.

"காத்து, புகையப் பத்தியெல்லாம் எங்க அக்கா மக சொல்லுவா. அது அவளுக்குத் தெரியும். எனக்கு அந்த பெக்கோ திரும்பி வரணும். கடைசிக் காம்பிரா எங்க இருந்திச்சுன்னு நான் காட்டுறேன். உசிரோட இருந்தா கூட்டிக்கிட்டுப் போறேன். இல்லாட்டி ஒடம்பக் காட்டுங்க. பாத்துட்டு நானே மாலை போடுறேன். அதுக்கு முந்தி யாரும் போட வேணாம்."

கூட்டத்தில் கைதட்டல் எழவில்லை. தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. நிஷாந்தி வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தன் பங்குக்கு ஒன்றும் சேர்க்கவில்லை.

சித்தி படத்தைத் தூக்கிப் பிடித்தாள். "கட்டையான ஆளு. நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாரு. காலுல செருப்பு இல்ல." சற்று யோசித்தாள். பிறகு, போகிறவர்களுக்கு வழி சொல்லும் குரலில் சொன்னாள். "தேடப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். முந்தி வந்த பையனுங்க ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்துட்டு, பதில் இல்லன்னு போயிட்டாங்க. அவருக்கு இடது காது கேக்காது. சத்தமாக் கூப்பிடணும்."

நிஷாந்தி மைக்கை வாங்கினாள். அவருக்கு இடது காது கேட்காது, சத்தமாகக் கூப்பிட வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னாள். அது போதாதென்று பட்டதோ என்னவோ, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள்.